பாஸில் பேர் இல்லாதவள்

ரயில்வேயில் கேங்மேனாக இருந்தவரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து நான் டிக்கெட் வாங்கிப் பழகவில்லை. பொம்மிடிக்குப் பக்கத்தில் தண்டவாளத்தை ஒட்டி வரிசையாக இருந்த எங்கள் கேங் குவார்ட்டர்ஸில் எந்தப் பெண்பிள்ளையும் வாங்கியதில்லை. எங்கேயாவது போகவேண்டுமென்றால் பாஸ். இல்லையென்றால் வீட்டிலேயே கிட. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த பயணம்.

பாஸ் என்றால் கேட்டபோதெல்லாம் கிடைக்காது. வருஷத்துக்கு இத்தனை என்று கட்டு உண்டு. போக ஒரு தாள், வர ஒரு தாள், இரண்டும் சேர்ந்தால் ஒரு செட். அந்த ஒரு செட்டில் காசிக்கும் போகலாம், அடுத்த ஸ்டேஷனுக்கும் போகலாம். ரயில்வேக்கு எல்லாம் ஒன்றுதான். எங்களுக்குத்தான் ஒன்றில்லை. பக்கத்து ஊருக்கு ஒரு செட்டை அழித்தவனைக் குவார்ட்டர்ஸில் கேலி பண்ணியே கொன்றுவிடுவார்கள். "சேலத்துக்கா பாஸ் எழுதினே? பொடிநடையா நடந்தே போயிருக்கலாமே" என்று குழாயடியில் நாலு பேர் சிரிப்பார்கள். பாஸ் எழுதினால் தூரமாகப் போகவேண்டும். வீட்டில் உள்ள அத்தனை பேர் பெயரையும் அதில் போட்டுவிட வேண்டும், போகிறார்களோ இல்லையோ. சும்மா கிடைப்பதில் ஒரு பேரை எதற்கு விடுவது என்பது எங்கள் நியாயம்.

கல்யாணமான பெண்ணின் பெயரை மட்டும் போடமுடியாது. தாலி ஏறிய அன்றோடு அவள் ரயில்வேக்கு யாரோ. என் பெரியவளைப் பதினேழு வயதில் சாமல்பட்டிப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் கொடுத்தோம். அடுத்த மாதமே என் வீட்டுக்காரர் ஆபீசில் எழுதிக் கொடுத்து அவள் பெயரை எடுத்துவிட்டார். பாஸில் மிஞ்சியது நானும் சின்னவளும்தான்.

அவள் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எழுபதுகளின் தொடக்கம், மழை ஏய்த்துக்கொண்டே இருந்த காலம். தருமபுரி ஜில்லாவில் கிணறு வெட்டாத காட்டுக்காரர் இல்லை, தண்ணீர் கண்டவர்தான் இல்லை. எங்களுக்குக் காடு கழனி எதுவும் கிடையாது என்பதால் அந்தக் கவலை எங்களைத் தொடவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாசி மாதத்தில் ஒரு நாள் புளி வியாபாரம் பண்ணும் பாய் வந்தார். தருமபுரிக்காரர். மரத்தைக் குத்தகை பிடித்து உலுக்கி, புளியை மூட்டை கட்டி ரயிலில் கொண்டுபோவார். வருஷா வருஷம் எங்கள் குவார்ட்டர்ஸ் பெண்களுக்கு விலை குறைத்துப் புளி போடுவார். அன்றைக்கு அவர் கையில் புளி இல்லை. வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

"உள்ள வாங்க பாய்."

"இருக்கட்டும் தங்கச்சி. ஒரு விசயம் சொல்லோணும். மனசப் பதறவுடாம கேளு. உன் பெரிய பொண்ணு ஊருக்குப் புளி உலுக்கப் போயிருந்தேன். அவங்க காட்டுல கெணத்தோரமா ஒரு மரம் இருக்குது. பொண்ணு கெணத்து மேட்டுல நின்னுக்கிட்டு உள்ளயே பாத்துட்டு இருந்துச்சு. கூப்பிட்டேன், திரும்பல. மறுக்கா கூப்பிட்டேன், திரும்பல. அதட்டுனப்புறந்தான் திரும்புச்சு. மூஞ்சியெல்லாம் வீங்கிக் கெடந்துச்சு தங்கச்சி."

அப்போது என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "அந்தக் கெணத்துலதான் தண்ணியே இல்லையே பாய்" என்றேன். ஏதோ அதனால் பயமில்லை என்பதுபோல.

"தண்ணி இல்லாததுதான் தங்கச்சி எனக்குப் பயம். அடியில முழுக்கப் பாறை" என்றார் அவர். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

இப்போது யோசித்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அந்த மனுஷனிடம் டிக்கெட்டுக்குக் கைமாற்று கேட்டிருந்தால் மடியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். எனக்கு அது புத்தியிலேயே ஏறவில்லை. ரயில் ஏறக் காசு வேண்டும் என்று நினைத்துப் பழகியிருந்தால்தானே கேட்க வரும்?

என் வீட்டுக்காரர் பொழுது சாய்ந்து வந்தார். நாள் முழுக்கத் தண்டவாளத்தில் சம்மட்டி அடித்துவிட்டு வருகிற மனுஷனிடம் வந்ததும் வராததுமாக எதையும் சொல்லக்கூடாது என்பது நான் எனக்கே வைத்துக்கொண்ட சட்டம். அன்றைக்கு அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? அவர் கால் கழுவுவதற்குள் முழுவதையும் கொட்டிவிட்டேன். அவர் சொம்பைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"சம்பளம் வரட்டும். டிக்கெட் எடுத்துக்கிட்டுப் போயி ஒரெட்டு பாத்துட்டு வா" என்றார் கடைசியில்.

"சம்பளம் வர்ற வரைக்கும் அவ இருக்கோணுமில்ல? பாஸ் எழுதுங்க."

"முப்பது மைலுக்கா? இந்த வருசத்துக்கு ஒரே ஒரு செட்டுதான் பாக்கி இருக்குது புள்ள. ராமேஸ்வரம் போயி எங்கப்பனுக்குத் திதி குடுக்கோணும்னு எத்தன நாளா சொல்லிக்கிட்டு இருக்கறேன். உனக்குத் தெரியாதா?"

தெரியும். நன்றாகவே தெரியும். அப்பன் செத்ததிலிருந்து ஒவ்வொரு அமாவாசைக்கும் அவர் முகம் சுண்டிப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்தான். ஆனாலும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"உங்கப்பன் செத்துட்டாருங்க. எம்பொண்ணு இன்னும் சாவல."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் என்னைத் திட்டவில்லை, கை ஓங்கவில்லை. சொம்பைக் கீழே வைத்துவிட்டு மேஸ்திரி வீட்டுக்குப் போனார், பாஸுக்கு எழுதிக் கொடுக்க. குவார்ட்டர்ஸில் எல்லோருக்கும் செய்தி எட்டிவிட்டது. சாமல்பட்டிக்கு ஒரு செட்டா என்று மறுநாள் குழாயடியில் ஒருத்தியும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பாஸ் மேலே போய், கையெழுத்தாகி, திரும்பிவர வேண்டும். அந்த நாட்களை எப்படித் தள்ளினேன் என்று கேட்காதீர்கள். ஜோலார்பேட்டையிலிருந்து வருகிற ஒவ்வொரு ரயிலும் அவள் ஊரைத் தாண்டித்தான் எங்கள் வாசலைக் கடக்கும். அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருப்பேன், ரயில் சத்தம் கேட்கும், துடுப்பை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடுவேன். யாராவது இறங்கி வந்து சொல்லிவிடுவார்களோ என்று பார்ப்பேன். யாரும் வராவிட்டால் இன்றைக்கு உயிரோடு இருக்கிறாள் என்று நானே ஒரு கணக்குப் போட்டுக்கொள்வேன். களி அடிபிடித்துச் சின்னவள் முகம் சுளிப்பாள்.

ஒருவழியாகப் பாஸ் வந்தது. "மனைவி, மகள் வயது பதினஞ்சு. ரெண்டு பேரு போட்டிருக்குது" என்று அவர் படித்துக் காட்டினார்.

"சின்னவ எங்க வர்றா? அவ இங்க உங்களுக்குச் சோறாக்க வேண்டாமா?"

"வரலீன்னா என்ன? எழுதுறப்ப பேரை எதுக்கு வுடோணும்? ஒரு செட்டே போவுது, அதுலயும் ஒத்த ஆளா?" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "போயிப் பாரு. நல்ல புத்தி சொல்லு. ரெண்டு நாளு இருந்து சமாதானம் பண்ணி வெச்சுட்டு வா" என்றார். நானும் அந்த எண்ணத்தோடுதான் கிளம்பினேன். கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. கட்டிக் கொடுத்த பெண்ணைத் திருப்பிக் கூட்டிவருவது அந்தக் காலத்தில் யாருக்குத் தோன்றும்?

வீட்டில் இருந்த சில்லறையை முந்தானையில் முடிந்துகொண்டேன். சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போகமுடியுமா? ஸ்டேஷன் வாசலில் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொஞ்சம் பொரிகடலையும் வாங்கினேன். சில்லறை அதோடு தீர்ந்தது. பாஸ் இருக்கும்போது காசு எதற்கு என்று நிம்மதியாக ரயில் ஏறினேன். வழியில் யாரும் பாஸைக் கேட்கவில்லை. சாமல்பட்டியில் இறங்கி, எங்கள் ரயில்வேக்காரர் வழக்கப்படி டிக்கெட் வாங்குகிற வாசல் பக்கமே போகாமல், தண்டவாளத்தைத் தாண்டி ஒற்றையடிப் பாதையில் நடந்தேன்.

சம்பந்தியம்மா என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக எழுந்தாள். "வாங்க சம்பந்தி, வாங்க. இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்" என்று தண்ணீர் கொடுத்தாள். ஆண்கள் எல்லோரும் கிணற்றில் வெடிவைத்துக்கொண்டிருந்தார்கள். அவ்வப்போது தரை அதிர்ந்தது. மகள் எங்கே என்று கேட்டேன். "மாட்டுக்குத் தீனி வெக்கறா. உங்க பொண்ணு வந்ததிலருந்து மாடு ஒண்ணுதான் இந்த வூட்டுல நல்லா இருக்குது" என்றாள் சிரித்துக்கொண்டே.

கட்டுத்தறிக்குப் போனேன். அங்கே ஒரு சின்னப்பெண் குனிந்து சாணி வாரிக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்த பிறகுதான் என் பெண் என்று தெரிந்தது. கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கை அவளுக்குப் பத்தாமல், தையற்காரரிடம் கொடுத்து ஒட்டுத்துணி வைத்துப் பெரிதாக்கி வாங்கினோம். அதே ரவிக்கை இப்போது ஆணியில் மாட்டியதுபோல் தோளில் தொங்கியது. கன்னத்தில் வீக்கம் வடிந்து மஞ்சளாகியிருந்தது. அவள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. சாணிக்கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

"என்னடி இது? என்ன சாமி இது கோலம்?"

அவள் அழாமல் சொன்னாள். அழுதிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். இவள் கால் வைத்த வருஷம்தான் கிணறு வற்றியதாம். அதனால் தினம் விடிந்ததும் இவள்தான் போய் கிணற்றை எட்டிப்பார்த்துவிட்டு வந்து சொல்லவேண்டுமாம்.

"தண்ணி வந்திருக்குதான்னு பாத்துட்டு வாங்கம்மான்னு மாமனாரு மொதல்ல நல்லாத்தான் சொன்னாரும்மா. இல்லீங்கன்னு வந்து சொல்லுவேன். அப்புறம் அப்புறம், இல்லன்னு சொன்னா அடி வுழ ஆரம்பிச்சுது. தண்ணி வர்ற அன்னிக்குத்தான் உனக்கு வயிறு நெறையச் சோறுன்னு அத்த சொல்லிட்டாங்க. மிச்சம் மீதி எதாச்சும் இருந்தா போடுவாங்க."

"உம் புருசன் எங்கடி போனான்? அவன் என்ன பண்றான்?"

"அவருதாம்மா அடிக்கறது."

பாய் பார்த்த அன்று என்னடி நடந்தது என்று கேட்டேன். "அன்னிக்குத் திரும்பிப் போயி இல்லன்னு சொல்ல முடியலம்மா. அதுக்குள்ளயே எறங்கிட்டா தேவலைன்னு இருந்துச்சு. பாய் அதட்டிட்டாரு" என்றாள். பிறகு என் கையைப் பிடித்தாள், சாணியோடு. "என்னைக் கூட்டிக்கிட்டுப் போயிடும்மா. இன்னிக்கே. நாளைக்குக் காலையில நான் எட்டிப் பாக்கப் போகமாட்டேன். போனா திரும்பி வரமாட்டேன்."

புத்தி சொல்ல வந்தவள் நான். எந்தப் புத்தியைச் சொல்வது? கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னால் விடுவார்களா? நாலு பேரைக் கூட்டி, பஞ்சாயத்து வைத்து, என்னைத் தனியாக ரயிலேற்றிவிடுவார்கள். அப்புறம் இவள் கதி?

வாயாடி என்று எனக்குக் குவார்ட்டர்ஸ் முழுக்கப் பெயர். அந்த வாய் அன்றைக்குத்தான் உருப்படியாக ஒரு காரியம் செய்தது. வெளியே வந்து சம்பந்தியம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். முகத்தைப் பயபக்தியாக வைத்துக்கொண்டேன்.

"சம்பந்தியம்மா, நான் எதுக்கு வந்தேன்னு சொல்லவே இல்லையே. எங்கூர்ல ஒரு பூசாரி சாமியாடிக் குறி சொன்னாருங்க. உங்க கெணத்துல தண்ணி நிக்காததுக்கு ஒரு தோசம் இருக்குதாம். உங்க மருமவ பெத்தவளோட தீர்த்தமலைக்குப் போயி, ராத்தங்கி, விடிகாலையில தீர்த்தத்துல தல முழுகிட்டு வந்தா தோசம் கழிஞ்சுடுமாம். இன்னிக்கே போயாவோணும்னு சொன்னாரு."

அவள் கண் விரிந்தது. தண்ணீர் என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் அவ்வளவு மதிப்பு. "அப்பிடியா! எம்மவனும் கூட வரட்டுமே" என்றாள்.

"ஐயோ, அது ஆவாதுங்க. கட்டினவன் கண்ணு படக்கூடாதுன்னு சொல்லியிருக்குது. பெத்தவ மட்டுந்தான்."

"பஸ்ஸுக்குக் காசெல்லாம் இருக்குதில்ல?"

இல்லை என்று சொல்லியிருந்தால் கொடுத்திருப்பாளோ என்னவோ. மகனைக் கேட்டு வாங்கித்தருகிறேன் என்று கிணற்றுக்கு ஆள் அனுப்பிவிட்டால்? "இருக்குதுங்க, இல்லாமயா வந்தேன்" என்று சிரித்தேன். மகள் கைகால் கழுவிக்கொண்டு வந்தாள். மாற்றுத்துணி எடுக்காதே என்று கண்ணால் சொன்னேன். "நல்லபடியாத் தண்ணியோட வாங்க" என்று சம்பந்தியம்மா வழியனுப்பினாள். தீர்த்தமலை சாமி என்னை மன்னிக்கவேண்டும். மன்னிக்காவிட்டாலும் போகிறது.

பஸ் ரோடு பக்கம் போவதுபோல் போய், புளியந்தோப்புக்குள் புகுந்து ஸ்டேஷன் பக்கம் திரும்பினோம். வெயில் மண்டையைப் பிளந்தது. அவளால் நடக்க முடியவில்லை. விலாவைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டுக்கு ஒரு தரம் நின்றாள். பின்னால் சைக்கிள் மணி கேட்கிறதா என்று நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஸ்டேஷன் கைகாட்டி கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எனக்குப் பாஸ் இருக்கிறது. இவளுக்கு?

கையில் சல்லிக்காசு கிடையாது. நான் அப்படியே தண்டவாளத்தோரம் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னம்மா?"

"டிக்கெட்டுக்குக் காசில்லடி."

அவள் முகம் மறுபடியும் கட்டுத்தறியில் பார்த்த முகமாகிவிட்டது. அதைப் பார்க்கச் சகிக்காமல் எழுந்து, அந்த ஊர் கேங் குவார்ட்டர்ஸுக்கு அவளை இழுத்துக்கொண்டு ஓடினேன். எனக்கு அங்கே யாரையும் தெரியாது. ரயில்வேக்காரர் வீடு என்ற ஒரே உரிமைதான். ஆண்கள் எல்லாம் லைனுக்குப் போயிருந்தார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி இருந்தாள். தண்ணீர் கொடுத்தாள், என் பெண்ணைப் பார்த்தாள். டிக்கெட்டுக்குக் கைமாற்று கேட்டேன்.

"மாசக் கடைசி அக்கா. எங்க வூட்டுல மட்டுமில்ல, இந்த லைன்லயே யாருகிட்டயும் இருக்காது" என்றாள். பிறகு என் பாஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மகள்னு போட்டிருக்குதே. அது யாரு?"

"சின்னவ. அவ வரல."

"அப்புறம் என்னக்கா? ஆளுதான் வரல, பேரு வந்திருக்குதில்ல."

எனக்குப் புரிந்தது. எங்கள் லைனில் ஒருத்தன் தன் பாஸில் மச்சானை அனுப்பி மாட்டிக்கொண்டான். வேலை போயிற்று. வேலை போனால் குவார்ட்டர்ஸும் போயிற்று. பெண்டாட்டி பிள்ளையோடு, பாத்திரம் பண்டத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அவன் தண்டவாளத்து வழியே நடந்துபோனதை நான் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். நாளைக்கு என் வீட்டுக்காரரும் அப்படிப் போகவேண்டுமா? சின்னவளை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஒரு பெண்ணைக் காப்பாற்றப் போய் இன்னொரு பெண்ணைத் தெருவில் நிறுத்துவதா? அந்த மனுஷன் திதியை விட்டுக்கொடுத்து எழுதித் தந்த பாஸ். அதற்கு நான் செய்கிற கைம்மாறு இதுவா?

நடந்தே போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தால் பொம்மிடிதானே. எனக்கு அது பெரிதில்லை. ஆனால் இவள் அந்தப் புளியந்தோப்பைத் தாண்டவே பட்ட பாட்டைப் பார்த்தேனே. அவளை இங்கேயே விட்டுவிட்டு நான் மட்டும் போய்க் காசோடு வந்தால்? அதற்குள் அவர்கள் தேடி வந்துவிடுவார்கள். அவள் இருப்பாளா? கடவுளே, என்னை ஏன் இப்படி இரண்டு பக்கமும் நெருப்பு வைத்து நிறுத்தினாய் என்று வாய்விட்டுச் சொன்னேன். அந்தக் கைக்குழந்தைக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் யோசித்துக்கொண்டிருக்க, என் பெண் குழாயடியில் உட்கார்ந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். கிட்டப் போனால், சோப்பைத் தடவி மெட்டியைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள். ஒரு விரல் வீங்கியிருந்தது, வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திருகி இழுத்தாள். தோல் உரிந்து ரத்தம் வந்தது, மெட்டியும் வந்தது.

"ஏய், என்னடி பண்றே?"

அவள் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனாள். நான் அவள் கையைப் பிடித்தேன். "அதை வேண்டாம் சாமி. உள்ள போட்டு மூடிக்கோ, போதும். அது தெரியாது."

"தெரிஞ்சுட்டா? இது இருந்தா பாஸ் செல்லாதும்மா."

மஞ்சள் கயிற்றைத் தலைவழியாகக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். இரண்டு வருஷத்து வியர்வையில் கயிறு கறுத்துப் பிசுபிசுத்தது. நெற்றிக் குங்குமத்தைத் தண்ணீர் தொட்டுத் துடைத்தாள். கொண்டையை அவிழ்த்து, பள்ளிக்கூடம் போகும்போது போட்டுக்கொள்வதுபோல் ஒற்றைச்சடை போடச் சொல்லி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நான் அழுதுகொண்டே பின்னினேன். முடியும் பாதிதான் இருந்தது. பின்னி முடித்தபோது முடிவும் ஆகிவிட்டது. நான் எடுத்தேனா, அவள் எடுத்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சாயங்கால பாசஞ்சர் வந்தது. கடைசிப் பெட்டியில் ஏறி, ஜன்னலோரம் அவளை உட்காரவைத்து, நான் மறைத்தாற்போல் பக்கத்தில் உட்கார்ந்தேன். "கேட்டா சின்னவ பேரைச் சொல்லு. வயசு பதினஞ்சு" என்றேன். அவள் உதடு அசைய அந்தப் பெயரைச் சொல்லிப் பழகிக்கொண்டாள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ரயில் நிற்கும்போது என் உயிரும் நின்றது. எங்கேயும் யாரும் ஏறவில்லை. மொரப்பூர் வந்தது. இன்னும் கொஞ்ச தூரம்தான், தப்பித்தோம் என்று நான் மூச்சு விட்ட நேரத்தில் கறுப்புக் கோட்டு ஏறியது.

டி.டி.ஆர் வயதானவர். அவசரமே இல்லாதவர். ஒவ்வொருவரிடமும் நின்று, டிக்கெட்டை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். ஓடுகிற ரயிலில் எங்கே போவது? எங்களிடம் வந்தார். பாஸை நீட்டினேன். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டேன்.

"ரயில்வேயா? எந்த லைனு?"

"பொம்மிடிங்க சார். கேங்குல."

"மகளா?" என்றார் பாஸைப் படித்துக்கொண்டே.

"ஆமாங்க சார்."

மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். "பேரென்னம்மா?"

சின்னவள் பெயரைப் பிசகாமல் சொன்னாள். அவர் பாஸைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மறுபடியும் பாஸைப் பார்த்தார். "வயசு பதினஞ்சுன்னு போட்டிருக்குதே" என்றார்.

முடிந்தது என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் சம்மட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிற்பது கண்முன்னால் தெரிந்தது. காலில் விழுந்துவிடலாம் என்று பாதி எழுந்துவிட்டேன். என் பெண் கீழே என் சேலையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"பதினஞ்சா இது?" என்றார் அவர் என்னைப் பார்த்து. அவர் குரலில் கோபம் இருந்தது. "பாத்தா பன்னெண்டு வயசுப் புள்ளையாட்டம் இருக்குது. எலும்பும் தோலுமா வெச்சிருக்கறியே. ரயில்வே சம்பளம் வர்ற வூடுதானே? எங்க வூட்டுலயும்தான் பொட்டப்புள்ளைங்க இருக்குது. நீயெல்லாம் ஒரு தாயா? புள்ளைக்குச் சோறு போடும்மா!"

எதிரில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு கிழவர் உச்சுக்கொட்டினார். பத்தொன்பது வயதுப் பெண்ணைப் பன்னிரண்டு என்கிறார். அவள் பட்டினி எங்களைக் காப்பாற்றியது. அவர்கள் பட்டினி போட்டுப் போட்டு என் பெண்ணை இந்தப் பாஸுக்குப் பொருத்தமாக்கி வைத்திருந்தார்கள். எனக்கு ஓவென்று கத்தவேண்டும் போலிருந்தது. நான் போடாத பட்டினி ஐயா என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது.

"போடறேனுங்க சார்" என்றேன்.

அவர் பாஸை என் மடியில் போட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போனார். ரயில் புட்டிரெட்டிப்பட்டியில் நிற்கும்வரை நாங்கள் இருவரும் அசையவில்லை. அவர் அங்கே இறங்கி முன்பெட்டிக்குப் போவதைப் பார்த்த பிறகுதான் என் பெண் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

"அம்மா."

"என்ன சாமி?"

"வூட்டுல சோறு இருக்குமாம்மா?"

மாசக் கடைசி. அடுக்குப்பானையில் கேழ்வரகு மாவு எவ்வளவு மிச்சம் என்று எனக்கே தெரியாது.

"இருக்கும்டி" என்றேன்.